மேட்டூர் திறக்காத ஆண்டும் என் பெர்ல் சோதனையும்

2002 ஜூன் மாதக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை. தஞ்சாவூரில் நாங்கள் மூன்று பேர் வேலை பார்த்த சிறிய அலுவலகத்திலிருந்து, செய்தித் தளங்களில் கேட்ட செய்தியைத் தேடித் தரும், பெர்ல் என்ற கணினி மொழியில் எழுதிய நிரல் ஒன்று மாலைக்குள் அமெரிக்க வாடிக்கையாளருக்குப் போக வேண்டும். அது போனால்தான் மன்னார்குடியில் தங்கையின் நிச்சயதார்த்தத்துக்கு நான் போக முடியும்.

நிரல் ஒழுங்காகத் தேடுகிறதா என்று பார்க்க, தானாக ஓடும் சோதனைகளை முந்தைய ஆண்டே எழுதி வைத்திருந்தேன். ஒன்றைத் தவிர எல்லாம் தேறின. மேட்டூர் அணை திறப்பு என்று தேடினால், நடப்பாண்டில் ஜூன் 12-ஆம் தேதிச் செய்தி ஒன்றாவது வர வேண்டும் என்பது அந்தச் சோதனை. எத்தனை முறை ஓட்டினாலும் திரையில் ‘நாட் ஓகே’, அதாவது தேறவில்லை, என்றே வந்தது. மதியம் வரை நிரலை வரிவரியாகப் படித்தேன்.

திருவையாற்றிலிருந்து வேலைக்கு வரும் சக ஊழியர் எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

“சார், இன்னைக்கு எந்த வழியா வந்தீங்க?”

“கரந்தைப் பாலம் வழியாத்தான்.”

“ஆத்துல தண்ணி இருந்துச்சா?”

“ஏதுங்க தண்ணி? இந்த வருஷம் இன்னும் டேமே திறக்கலையே...”

“அதைத்தான் உங்க புரோகிராமும் காலையிலேருந்து சொல்லுது. நீங்கதான் நம்ப மாட்டேங்கிறீங்க.”

ஜூன் 12 என்றால் அணை திறக்கும் என்பதைச் சந்தேகிக்க எனக்குத் தோன்றியதே இல்லை. அதற்குப் பதில் எதை வைக்கலாம் என்று அவரையே கேட்டேன்.

“பொங்கலை வைங்க சார். அதுக்கு யாரும் ஷட்டர் போட முடியாது.”

வைத்தேன், தேறியது. நிரலை அனுப்பிவிட்டு மன்னார்குடி பஸ்ஸைப் பிடித்தேன். வழிநெடுக வறண்ட வாய்க்கால்கள், நிரலில் தவறில்லை என்று சொல்லிக்கொண்டே வந்தன.