அஞ்சலை அக்காவின் மணல்

பக்கத்து வீட்டு அஞ்சலை அக்கா தன் நிலத்தை ஏன் மறுபேச்சில்லாமல் எனக்குக் கொடுத்தார்? இன்றும் எனக்கு விடை தெரியவில்லை.

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் வீட்டுக்கு வீடு காய்கறி போட ஒரு துண்டு நிலம் உண்டு. எனக்குக் கிடைத்தது வெறும் மணல். ஊற்றிய தண்ணீர் நிற்காது. அக்காவுடையது கறுத்த மண். மணல் தூசியால் என் கைக்குழந்தைக்கு இழுப்பு வருகிறது என்று தோட்ட அலுவலக எழுத்தரான கிராணியிடம் பொய் சொல்லி, நிலத்தை மாற்றிக்கொண்டேன்.

இருவருமே கேரட் விதைத்தோம். அக்கா அந்த மணலில் காய்ந்த புல்லைப் பரப்பினார். எருவையும் தண்ணீரையும் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுத்தார். பிறகு அடைமழை பிடித்தது. என் நிலத்தில் நீர் தேங்கி கேரட் அழுகியது. அவருடைய மணலில் நீர் உடனே வடிந்துவிட்டது.

ஒரு நாள் கேரட் கட்டோடு வந்தார். அத்தனையும் கோணலில்லாமல் நீண்டிருந்தன.

"படிச்ச புள்ள, கேரட்ட குளிக்க வச்சே கொன்னுட்டியே!" என்று சிரித்தார். "மணலு லூசா இருக்கும்லா, வேரு நேரா எறங்கிரும். இத அவிச்சு மசிச்சுப் புள்ளைக்குக் குடு. இழுப்பு இப்ப எப்படி இருக்கு தங்கச்சி?"

"பரவால்லக்கா" என்றேன்.

மணலைக்கூட விளைய வைத்த அந்தக் கைகளை வியந்து பார்க்கிறேன். இழுப்பு என்றது பொய் என்று அக்காவிடம் சொல்லிவிட்டால், என் குழந்தையைத் தூக்க இனி அவர் வராமல் போய்விடுவாரோ என்று பயமாக இருக்கிறது. நான் சொல்லத்தான் வேண்டுமா? உங்களில் யாராவது எனக்கு எழுதுங்களேன்.