மகனுக்காகப் போட்ட புல்

எங்கள் வீடு மலைமேல் இருக்கிறது என்று சொன்னால் கேமரன் மலைக்காரர்கள் சிரிப்பார்கள். மலாக்காவில் மலை என்பது பெரிய மேடுதான். ஆனாலும் சாலையிலிருந்து வாசலுக்கு முப்பத்திரண்டு படி ஏற வேண்டும். நான் பிறந்த ரப்பர்த் தோட்டத்தில் மேட்டு வீடு துரைக்கு மட்டும்தான். கூலிக்காரர்களின் லயத்து வீடுகளெல்லாம் கீழே, சாக்கடைக்குப் பக்கத்தில். புக்கிட் ரம்பாய் தொழிற்சாலையில் சூப்பர்வைசராகி நாலு காசு சேர்ந்ததும், வாங்கினால் மேட்டு வீடுதான் என்று ஒற்றைக்காலில் நின்று வாங்கினேன். ஏறி வந்து பார்க்க ஆள் இருக்குமா என்று அப்போது யோசிக்கவில்லை.

எங்களுக்கு ஒரே மகன். சிங்கப்பூரில் வேலை, குடும்பமும் அங்கேயே. காரில் மூன்று மணி நேரம். தீபாவளிக்குக் காலையில் வருவான், சாயங்காலம் கிளம்பிவிடுவான். மறுநாள் விடிந்ததும் ஆபீஸ் கூட்டாளிகளோடு கோல்ஃப். இருந்துவிட்டுப் போடா என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. கேட்டு வாங்குவது எனக்கு ஆகாது. அதற்குப் பதில் வீட்டில் எதையாவது செய்துவைப்பேன். ஒரு வருஷம் அவன் அறைக்கு ஏர்கோன் போட்டேன். அடுத்த வருஷம் வைஃபை. அதற்கடுத்த வருஷம் குளியலறையை இடித்து, வெந்நீர்க் குழாயோடு புதிதாகக் கட்டினேன். அவன் எல்லாவற்றையும் பயன்படுத்தினான். "நல்லாருக்குப்பா" என்றான். ஆறு மணிக்குக் காரை எடுத்தான்.

போன வருஷம்தான் அந்தப் புத்தி வந்தது. அவன் ஓடுவது கோல்ஃபுக்குத்தானே, அதைக் கொல்லைக்கே கொண்டுவந்துவிட்டால் என்ன? ஃபோனில் தேடினேன். பட்டிங் கிரீன் என்று ஒன்று இருந்தது. தரையில் செயற்கைப் புல்லை விரித்து, நாலைந்து குழி வைத்து, பந்தை மெல்லத் தட்டி விழவைக்கும் இடம். மஸ்ஜித் தானா ஊரிலிருந்து அந்த வேலை செய்கிறவர் ஒருவர் வந்து அளவெடுத்தார்.

"அங்கிள், நீங்க கோல்ஃப் விளையாடுவீங்களா?"

"நான் எங்க. மகன் விளையாடுவான்."

"இங்கதான் இருக்காரா?"

"வருவான்," என்றேன்.

துணிக்கொடிக் கம்பங்களைப் பிடுங்கும்போதே என் மனைவி ஆரம்பித்துவிட்டாள். "துணி காயப்போட எடமில்ல, புல்லு போடறாராம் புல்லு. இதுக்கு வாயத் தொறந்து 'ரெண்டு நாள் இருந்துட்டுப் போடா'ன்னு ஒரு வார்த்த சொல்லுங்களேன். காசா பணமா?"

"நீ சொல்லேன்."

"நான் சொல்லிச் சொல்லி அலுத்துட்டேன். நீங்க சொன்னா இருப்பான்."

நான் வேலைக்காரர்களை அதட்டப் போய்விட்டேன்.

ரம்புத்தான் மரத்தை வெட்டினார்கள். இலை உதிர்ந்தால் பந்து ஓடாதாம். வேரைத் தோண்டி எடுத்து, சல்லிக்கல் கொட்டி, மேலே கல்தூள் பரப்பி, இயந்திரத்தை ஓட்டி இறுக்கினார்கள். கல்லும் தூளும் வாளி வாளியாக அந்த முப்பத்திரண்டு படியில்தான் ஏறின. தரை ஒரே மட்டமாக இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். "மட்டமா போட்டா மழத்தண்ணி நின்னுரும் அங்கிள், கொஞ்சம் சரிவு வேணும்லா" என்றார் அவர். தோட்டத்தில் கால்வாய் வெட்டினவன் மகனுக்கே பாடம் நடத்துகிறாயா என்று கத்தினேன். கத்திவிட்டு அவர் சொன்னபடியே விட்டேன். புல்லை விரித்து ஒட்டினார்கள், மெல்லிய மணலைத் தூவித் துடைப்பத்தால் தேய்த்தார்கள். பக்கத்தில் நெருப்பு மட்டும் ஆகாது, உருகிவிடும் என்று சொல்லிவிட்டுப் போனார். அதனால் அந்தத் தீபாவளிக்குக் கொல்லையில் விறகடுப்பு எரியவில்லை. மனைவி சமையலறைக்குள் வேர்க்க வேர்க்க நின்று முறுக்குச் சுட்டாள், என்னையும் சேர்த்து வறுத்தெடுத்தாள்.

தீபாவளியன்று மகன் மட்டும் வந்தான். மருமகள் தன் தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். உச்சி வெயில். சாப்பாட்டுக்கு முன்னாலேயே அவனைக் கையைப் பிடித்துக் கொல்லைக்கு இழுத்துப் போனேன். வெறுங்காலைப் புல்லில் வைத்தவன் துள்ளிக் குதித்தான். "சுடுதுப்பா!" மரம் இருந்தவரை அங்கே நிழல் இருந்தது. வெட்டும்போது அது என் மண்டையில் ஏறவே இல்லை.

நாலரை மணிக்குத்தான் கால் வைக்க முடிந்தது. நான் வாங்கிவைத்திருந்த மட்டையால் பத்துப் பந்து தட்டினான். மூன்று விழுந்தன. "நல்லா போட்டுருக்காங்கப்பா" என்றான். பிறகு ஃபோனை எடுத்து நாலு மூலையிலிருந்தும் படம் பிடித்தான். "அப்பா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றான். தள்ளி நின்றேன். கூட்டாளிகளுக்கு அனுப்பப்போகிறான் என்று நினைத்து எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

டீ குடிக்கும்போது சொன்னான். "அம்மாவுக்கு முட்டி வலி. இந்தப் படியெல்லாம் இனிமே சரிப்படாதுப்பா. பத்து பெரண்டாம் டவுன் பக்கம் ஒரே தரையில சின்ன வீடா பாத்துடலாம். இத வித்துடுவோம். ஏஜெண்டுக்குப் படம் அனுப்பிட்டேன். இந்த கிரீன் இருக்கறதால சீக்கிரம் போயிரும்லா."

அவன் கெட்டவன் இல்லை. படி விஷயம் முழுக்க உண்மை. அவள் ஒவ்வொரு படியிலும் நின்று நின்றுதான் ஏறுகிறாள். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. கோபப்படக்கூட ஒரு பிடி கிடைக்கவில்லை.

"நீங்க என்னப்பா சொல்றீங்க?"

மனைவி முறுக்குத் தட்டோடு நின்று என்னைப் பார்த்தாள். அவள் எதற்காகப் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரியும். வீட்டை விற்றால் விற்றுக்கொள், இன்றைக்கு மட்டும் இருந்துவிட்டுப் போ. அவ்வளவுதான் சொல்ல வேண்டும்.

"உன் இஷ்டம்யா," என்றேன்.

ஆறு மணிக்குக் கார் கிளம்பியது. மனைவி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அவனுக்கென்று கட்டிவைத்த முறுக்கு டின்னைக் கொடுக்க மறந்துபோச்சு என்று சொல்லி அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். அழுகை டின்னுக்காக இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

பொங்கல் கழிந்து ஏஜெண்டு ஒரு சீனத் தம்பதியை அழைத்துவந்தார். அவர்களைக் கொல்லைக்குக் கூட்டிப்போனது நான்தான். அடியில் கல் போட்டிருக்கிறது, சரிவு இருக்கிறது, எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீர் நிற்காது என்று மலாயில் விளக்கினேன். அந்த மனிதர் மட்டையை எடுத்து ஒரு பந்தைத் தட்டினார். குழியில் விழுந்தது. இங்கே யார் விளையாடுகிறார்கள் என்று கேட்டார்.

"என் மகன். வாராவாரம் வருவான். இரண்டு நாள் இருந்துவிட்டுத்தான் போவான்."

துணிக்கூடையோடு வாசலுக்குப் போய்க்கொண்டிருந்த என் மனைவி அப்படியே நின்றுவிட்டாள். அவளுக்கும் மலாய் தெரியும். நீங்கள் கொடுத்துவைத்தவர் என்றார் அவர். ஆமாம் என்றேன். பெற்ற பிள்ளையிடம் வராத வார்த்தை, முன்பின் தெரியாத மனிதரிடம் ஒரு தடங்கலும் இல்லாமல் வந்தது.