மஞ்சள் கொடிப் பொங்கல்

லண்டனிலிருந்து கொழும்புக்கு விமானம் பதினொரு மணித்தியாலத்தில் வந்துவிடும். நான் பாய்ப்படகில் வந்தேன். இரண்டு வருடம் எடுத்தது. ஓய்வுபெற்றதும் வீட்டை விற்றுப் படகு வாங்கி, அதிலேயே குடியிருக்கத் தொடங்கிய என்னை என் ஊரான தம்பலகாமத்தில் யாரும் மாலுமி என்று சொல்லவில்லை. மூளை பிசகிவிட்டது என்றுதான் பேசிக்கொண்டார்களாம்.

அக்கா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் அடுத்த முறை வருவேன் என்று நான் சொல்வதும், அவள் ஓம் என்பதும் முப்பது வருடக் கதை. கடைசியாகக் கேட்டபோது, "வராட்டி இனிமேல் சொல்லாதை" என்றாள். அது எனக்குப் பயமாக இருந்தது. பசிபிக் வழியாகச் சுற்றி வந்து நின்ற மலேசியாவின் லங்காவியிலிருந்து பாயை விரித்தேன்.

பொங்கலுக்கு முதல்நாள் காலையிலேயே திருகோணமலைக் கரை தெரிந்தது. சிக்னல் வந்ததும் அக்காவுக்குத்தான் எடுத்தேன். அவள் பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டு, இன்றைக்கு நவமி, முப்பது வருடம் கழித்து வருகிறவன் நவமியில் மண்ணை மிதிக்கக் கூடாது, விடியட்டும் என்றாள். நான் பஞ்சாங்கத்தை நம்புகிறவன் அல்ல. அக்காவை மறுத்துப் பேசுகிறவனும் அல்ல. பாயைச் சுருக்கிவிட்டு, துறைமுக வாசலுக்கு வெளியே ஒரு நாள் முழுக்க மழையில் ஆடிக்கொண்டு கிடந்தேன்.

பொங்கலன்று சுபநேரம் பார்த்து உள்ளே வந்து நங்கூரம் போட்டேன். முறைப்படி மஞ்சள் கொடியும் ஏற்றினேன். அதிகாரிகள் வந்து முத்திரை குத்தும்வரை அது பறக்கும். அதுவரை படகிலிருந்து யாரும் இறங்கக் கூடாது, கரையிலிருந்து ஒரு பொருளும் ஏறக் கூடாது. என் பத்திரங்களைப் பார்க்கும் முகவர் கிண்ணியாக்காரர். போனில் முதலில் பொங்கல் வாழ்த்துச் சொன்னார்.

"இண்டைக்குப் பொங்கல்தானே, லீவு. நாளைக்குத்தான் ஆக்கள் வருவாங்க. நேத்து வந்திருந்தா பின்னேரமே நீங்க வீட்ட போயிருக்கலாம்."

பொங்கலுக்கு விடுமுறை விடுகிற நாட்டை நான் எப்படிக் குறை சொல்வது? அக்காவிடம் சொன்னேன். அவள் போனை வைத்துவிட்டாள். பால்மா கரைத்துக் குடித்தேன். அழுகை வந்தது, அழுதேன்.

பதினொரு மணிபோல் போன் அடித்தது. உள்துறைமுக வீதியைப் பார் என்றாள். தூரக்கண்ணாடியை எடுத்தேன். ஓட்டோக்காரர் குடை பிடிக்க நின்ற பெண், நான் விட்டுப்போன அக்காவைவிடப் பருத்து, தலை முழுக்க வெளுத்திருந்தாள். கையில் ஒரு சாப்பாட்டுப் பெட்டி. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். எனக்குக் கண்ணுக்கு எட்டியது, அவ்வளவுதான்.

"ஒவ்வொரு பொங்கலுக்கும் உன்ர பங்குச் சர்க்கரைப் பொங்கலை எடுத்துவைச்சு, நீ வராமல் பின்னேரம் நான்தான் சாப்பிடுறனான்" என்றாள். "இண்டைக்கும் நான்தான் சாப்பிடப்போறன். பாத்துக்கொண்டிரு."

தூறலில் நின்றபடி, அவசரப்படாமல், ஒரு பிடி மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். நான் கண்ணாடியை இறக்கவேயில்லை. அவளுக்கு ஏழு வருடமாகச் சீனி வருத்தம் என்பது, மறுநாள் வீட்டுக்குப் போய், குசினி அலுமாரியில் மருந்துக் குளிசைகளைக் கண்ட பிறகுதான் எனக்குத் தெரியும்.