செங்கோடனின் மாடு வாங்கித் தந்த மார்க்

தத்துவப் பரீட்சையில் முதல் மார்க் வாங்குவது எப்படி என்று கீழ்வகுப்பு மாணவர்கள் என்னைக் கேட்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் நான் பேச்சை மாற்றிவிடுகிறேன்.

சேலத்தில் காலேஜ் விடுதியில் என் அறைத்தோழன் செங்கோடன், திருச்செங்கோட்டுப் பக்கத்து விவசாயி மகன். செலக்ஷன் பரீட்சையில் தவறினால் படிப்பை நிறுத்திவிடுவதாக அவன் தந்தை சொல்லியிருந்தார்.

பொய் எப்போதாவது அறமாகுமா என்ற பாடத்தை நான் உருப்போட்டுக்கொண்டிருந்தபோது அவன் கேட்டான்: "கெணத்துல மாடு பூட்டிக் கவலையில தண்ணி எறைக்கறப்ப எங்கய்யன் மாட்டைத் தடவி, 'இன்னும் ஒரே நடைதாஞ் சாமி'ங்கறாரு. அப்புறம் இருவது நடை ஓட்டறாரு. அது பொய்யா, அன்பா?"

"பரீட்சைப் பேப்பர்ல மாட்டை ஓட்டாதடா! நோட்ஸை அப்படியே எழுது" என்று அதட்டினேன். அவனும் நம்பி மனப்பாடம் செய்தான்.

செலக்ஷன் பரீட்சையில், பொய் அறமாகுமா என்ற அதே கேள்விதான் வந்தது. எனக்கு நோட்ஸ் சுத்தமாக மறந்துபோயிற்று. பதற்றத்தில் அவன் மாட்டையே எழுதிவைத்தேன்.

ஆசிரியர் என் விடையை வகுப்பில் வாசித்து, "இதல்லவா சுயசிந்தனை!" என்றார். செங்கோடன் நோட்ஸ் வரிகளைக் குழப்பி எழுதித் தவறியிருந்தான். "நீர் வெறும் கிளிப்பிள்ளை" என்று அவன் தாளை வீசினார். நான் எழுந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். பாராட்டு இனித்தது, உட்கார்ந்தே இருந்தேன்.

ஊருக்குப் புறப்படப் பெட்டியைக் கட்டியவன் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தான். "உடு சாமி, எங்கய்யன் மாடாவது பாசாச்சே!"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அறத்தைப் பற்றி எழுதி வாங்கிய அந்த மார்க்கை நினைத்தால், இன்றும் கையைக் கழுவத் தோன்றுகிறது.