சைக்கிள் டியூப்பில் ஒரு மடி

கை விழுந்தவர்களுக்கு மறுபடி கையால் வேலை செய்யப் பழக்கித் தருவது என் தொழில். எண்பதுகளின் தொடக்கத்தில் கோவில்பட்டியில் நான் சேர்ந்த சின்ன ஆஸ்பத்திரியில் அதற்கு ஒரு சாமானும் கிடையாது. சாமான் இல்லாமல் வேலை பார்த்த புண்ணியவான்களே, உங்களுக்குச் சொல்லவா வேண்டும்! அடுப்படிதான் என் ஸ்டோர் ரூம்.

வந்த காரியம்

நாகலாபுரம் பக்கத்திலிருந்து வேலம்மா அக்காவைப் புருஷன் கூட்டிவந்தார். வாதத்தில் வலது கை விழுந்துவிட்டது. மழை பொய்த்த வருசம். வீட்டில் உலை வைப்பதே எருமைப்பாலை நம்பித்தான். அக்காவின் இரண்டு கையும் மாறி மாறி மடியில் படாவிட்டால் எருமை உதைக்கும். கன்று மட்டும் குடித்துக்கொண்டிருந்தது. பொங்கலுக்குள் கை சரியாகாவிட்டால் எருமையை விற்றுவிடுவதென்று புருஷன் முடிவு கட்டியிருந்தார்.

அக்கா இடது கையால் என்னைப் பிடித்துக்கொண்டு, “சோறு திங்க எனக்கு இந்தக் கையி போதும் தாயி. எங்க எருமை இருக்காளே, அவளுக்குத்தான் அந்தக் கையி வேணும்” என்றார்.

ஒரு படி கடலை

விரலுக்குப் பலம் வரட்டும் என்று, ஒரு படி நிலக்கடலை கொடுத்து வலது கையால் தினம் கொஞ்சம் உரிக்கச் சொன்னேன். அடுத்த வாரமே முழுக்க உரித்துப் புடைத்து வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. “இத்தனையும் நீங்களாக்கா?” என்றேன்.

“தெருவுல அம்புட்டுப் பேரும் வந்து ஒரே மூச்சுல உரிச்சுப்புட்டாவ தாயி. கை சரியில்லாதவகிட்ட இப்பிடியா வேலை வாங்குவா அந்த டாக்டரம்மான்னு உங்களை ஏசுதாவ.”

டியூப்பு

சரி, நேரே மடிக்கே போய்விடுவோம்! பழைய சைக்கிள் டியூப்பில் ஒரு துண்டு வெட்டி, தண்ணீர் நிரப்பி, இரண்டு முனையையும் கட்டி, அடியில் ஊசியால் குத்தி, வார்டு ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டேன். கீழே ஒரு வாளி. “பீச்சுங்கக்கா” என்றேன். அக்கா முதலில் டியூப்பில் தண்ணீர் அடித்துக் கழுவினார். பிறகு காம்பில் தடவ விளக்கெண்ணெய் கேட்டார். வார்டே சிரித்தது.

“மடியைக் கழுவாம பீச்சுனா யாருதான் பால் விடுவா? சிரிக்காதிய, அது மிரளும்.”

தொழுவம்

அக்கா வந்து வந்து பீச்சியதில், நாள் போகப் போக, வாளியில் சொட்டிய தண்ணீர் சத்தம் போட்டு விழ ஆரம்பித்தது. பொங்கல் நெருங்கவும் மனசு கேட்காமல் அக்கா ஊருக்குப் பஸ் ஏறிவிட்டேன்.

தொழுவத்தில் புருஷன் எருமையைப் பிடித்துக்கொள்ள, அக்கா குத்தவைத்து உட்கார்ந்தார். இடது கை, வலது கை. எருமை திரும்பிப் பார்த்தது. பின்னங்காலைத் தூக்கியது. எனக்கு உயிரே போய்விட்டது! மெல்லக் கீழே வைத்துவிட்டது. செம்பில் சர்ரென்று பால். புருஷன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். எந்தச் சாமிக்கு நன்றி சொல்வதென்று தெரியாமல் நான் எல்லாச் சாமியையும் கும்பிட்டேன்.

அக்கா திரும்பாமலே சொன்னார்: “டியூப்பு ஒதைக்காது டாக்டரம்மா, இவ ஒதைப்பா. கொஞ்சம் தள்ளி நில்லுங்க.”

சொன்னபடி தள்ளி நின்றேன். கண்ணைத் துடைத்துக்கொள்ள அந்த இடம்தான் வசதியாகவும் இருந்தது.