நாலாம் நம்பர் பிரஸ்ஸுக்கு ஒரு மெட்டு

மூக்கண்டப்பள்ளி தொழிற்பேட்டையில் தகடு வெட்டும் பிரஸ் மெஷின் ஓட்டும் தௌசிப்புக்கு ஸ்காட்லாந்து வயலின் என்றால் உயிர். போனில் கேட்டுக் கேட்டே வாசிக்கப் பழகியவன். அந்த நாட்டில் மெட்டு கட்டியவர்கள், தங்களுக்குப் படியளந்த பிரபுவின் பெயரை மெட்டுக்கு வைப்பார்கள் என்று மனைவி நிகத்திடம் ஓயாமல் சொல்லுவான்.

போன மாதம் மெஷின் அவன் இடது கையில் இரண்டு விரல்களைக் கொண்டுபோய்விட்டது. கட்டுப் பிரித்ததும், மிச்ச விரல்களுக்கு அடங்குகிற மாதிரி அவனே ஒரு மெட்டு கட்டினான். ஒப்பாரி மாதிரி இழுத்தது அது.

"இதுக்கு என்ன பேருங்க?" என்றாள் நிகத்.

"நாலாம் நம்பர் பிரஸ்."

"நாசமாப் போற அந்த மெஷின் பேரையா? உங்க விரலைத் தின்னுச்சே!"

"சோறு போடுறது அதுதானடி!" என்று எரிந்து விழுந்தான். "திங்கக்கிழமையிலருந்து மறுபடியும் அதுலதான் நிக்கச் சொல்லியிருக்காங்க."