‘பயமே இல்லை’ கட்டத்தில் ஒரு டிக்

பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன், ஓர் ஐப்பசி மழைநாளில், வெள்ளிமலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு இறங்கும் மலைப்பாதையில் நடந்தது இது.

ஆபத்தை நினைத்து மக்கள் எவ்வளவு பயப்படுகிறார்கள் என்று அளப்பது என் தொழில். பெண் பார்க்கப் போன வீட்டில் இதைச் சொன்னபோது, “அதுக்கெல்லாம் சம்பளம் தர்றாங்களா?” என்று கேட்டார்கள். தருகிறார்கள். அதற்காகத்தான் மூன்று நாளாக வெள்ளிமலையில் படிவமும் கையுமாக அலைந்துகொண்டிருந்தேன். மண்சரிவை நினைத்து எவ்வளவு பயம்? பதிலுக்கு ஐந்து கட்டங்கள். கடைசி நாள் காலையில், சாமை புடைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம் கேட்டேன். என் வயதுதான் இருக்கும்.

“பயமா? எனக்கின்னா பயம்?” என்று சிரித்தார்.

‘பயமே இல்லை’ கட்டத்தில் டிக் அடித்து, ஓரத்தில் ‘விழிப்புணர்வு குறைவு’ என்று எழுதினேன். அவருக்காகக் கொஞ்சம் வருத்தப்பட்டுக்கொண்டுதான் எழுதினேன்.

மதியம் கள்ளக்குறிச்சியில் ஒரு கூட்டம். பேசப்போவது நான், தலைப்பு, ‘முன்னெச்சரிக்கை’. பேச்சாளர் பஸ்ஸைத் தவறவிட்டார். மலைக்கடைகளுக்குச் சரக்கு இறக்கிவிட்டுத் திரும்பிய மளிகைக்கடை பாய் தன் ஜீப்பில் ஏற்றிக்கொண்டார். பின் சீட்டில் காலையில் பார்த்த அதே அம்மா. மகளைப் பிரசவத்துக்குச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரிக்குப் போகிறார்.

மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஒரு வளைவில் அந்த அம்மா, “நிறுத்துங்க பாய்” என்றார்.

“இன்னாக்கா, தலை சுத்துதா?”

“மழை ஊத்திக்கினு இருக்குது. இங்க ரோட்டு மேல வுழுற ஓடையக் காணோம் பாருங்க.”

பாய் எட்டிப் பார்த்தார். பாறையில் வெறும் சொட்டு. அவர் முகம் மாறியது.

“தண்ணி இல்லன்னா நல்லதுதானே, சுலபமா போயிடலாம்” என்றேன். என் பட்டங்களும் பதினைந்து வருட அனுபவமும் சேர்ந்து சொன்ன வாக்கியம் அது.

“அவசரம்னா நீங்க நடந்து போங்க சார்” என்றார் அந்த அம்மா. பாய் சிரிப்பை அடக்கிக்கொண்டு, ஜீப்பைப் பின்னுக்கே எடுத்து முந்தின வளைவில் நிறுத்தினார். நான் கடிகாரத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டேன், இருவருக்கும் கேட்கும்படி.

கால் மணி நேரம் இருக்கும். மேலே எங்கோ அடைபட்டிருந்த தண்ணீர், மண்ணும் மரமும் பாறையுமாக இறங்கியது. நாங்கள் முதலில் நின்ற வளைவில் ரோடே இல்லை.

அந்த அம்மா பக்கம் திரும்பினேன். “காலைல பயமே இல்லன்னீங்களே?”

“பயந்துக்கினு எப்பிடி சார் இங்க இருக்கறது? பாத்துக்கினு இருப்போம்.”

அந்தப் பதிலுக்கு என் படிவத்தில் கட்டம் இல்லை.

மேலேறி, மலையின் மறுபக்கமாகச் சுற்றி, அந்தி சாயும்போது ஆஸ்பத்திரி வாசலில் அவரை இறக்கிவிட்டோம். திரும்பிப் பார்க்காமல் உள்ளே ஓடினார். என்னைவிட அவசரம் அவருக்குத்தான் இருந்திருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது.

அந்தப் படிவத்தை நான் அலுவலகத்தில் சேர்க்கவில்லை. ‘விழிப்புணர்வு குறைவு’ என்பதை அப்படியே விட்டு, பெயருக்கான இடத்தில் என் பெயரை எழுதி மேஜைக்குள் வைத்திருக்கிறேன். யாரிடமாவது புதிதாக ஒரு கேள்வி கேட்கக் கிளம்பும்போதெல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் போகிறேன்.